அணைக்குள் போன கல்யாணக் கோட்டு

சனிக்கிழமை மத்தியானமானால் சதுப்போரத்து எங்கள் ஓல்ஷின்கா ஊரில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் ஒரே வேலைதான். தரையைத் தேய்த்துக் கழுவுவது, ஞாயிற்றுக்கிழமைக்கு இனிப்பு ரொட்டி சுடுவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது. கேனியாவும் இதையெல்லாம் செய்வாள். ஆனால் ரொட்டி அடுப்பில் இருக்கிற நேரத்தில் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. முழங்கால் உயர ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, எரு இழுக்கிற நாலு பல் கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குப் போவாள். அங்கே நீரெலிகள் வாரம் முழுக்கக் கட்டி வைத்திருக்கும் அணையைக் குத்திக் கிழித்துப் போடுவாள். தண்ணீர் ஹோவென்று இறங்கும். இடுப்பில் கை வைத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரொட்டி கருகுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

மறுநாள் பூசை முடிந்ததும், மாதாகோயில் சுவரோரம் நின்று சிகரெட் பிடிக்கிற ஆம்பிளைகளுக்கு அதுதான் பேச்சு. அதிலும் வாலேந்தி இருக்கிறானே, அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன், அவனுக்கு இதைக் கேட்காவிட்டால் பூசை பலித்த மாதிரியே இருக்காது.

"என்ன கேனியா, இந்த வாரம் யாரு ஜெயிச்சா?"

"போய்ப் பாரு. தண்ணி ஓடுது."

"நேத்து ஓடுச்சு. காலைல பாத்துட்டுத்தான் வர்றேன். ராத்திரியோட ராத்திரியா அடைச்சாச்சு. நீ கொக்கியைக் கீழ வைக்கறதுக்குள்ள அதுங்க கொத்தனார் வேலையை முடிச்சிருது."

"உன் வீட்டு வேலிய நாலு வருஷமா கட்டிட்டிருக்கியே, அதுங்களைக் கூப்பிட்டுக் கட்டச் சொல்லு. ஒரு ராத்திரில முடிஞ்சிரும்."

ஆம்பிளைகள் சிரிப்பார்கள். வாலேந்தியும் சிரிப்பான். வாய்ப்பேச்சில் கேனியாவை ஜெயித்தவன் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

நீரெலி என்றதும் அடுக்களையில் ஓடுகிற எலியை நினைத்துக்கொள்ளாதீர்கள். பீவர் என்று படப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்களே, அதுதான். நல்ல வளர்ந்த நாயின் கனம் இருக்கும். துடுப்பு மாதிரி வால், துருப்பிடித்த உளி மாதிரி பல். தொடை கனமுள்ள மரத்தை ஒரே ராத்திரியில் கடித்துச் சாய்த்துவிடும். சாய்த்த மரத்தையும் சேற்றையும் கொண்டுபோய் ஓடைக்குக் குறுக்கே அடுக்கும். எங்கள் பக்கம் வெகுகாலத்துக்கு முன்பே தோலுக்காகக் கொன்று தீர்த்துவிட்டார்கள். கேனியாவின் அப்பா காலத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாருமில்லை. அந்தத் தைரியத்தில்தான் ஊர்க்காரர்கள் சதுப்புத் தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டினார்கள்.

அந்த வாய்க்கால் மேல் அவளுக்கு ஒரு பாசம். கோடை முழுக்க ஊர் ஆண்கள் வரிசையாக நின்று மண்வெட்டியால் வெட்டியது அது. அவள் அப்போது சிறுமி. அப்பாவுக்கு மோரும் உருளைக்கிழங்கும் தூக்குவாளியில் கொண்டுபோவாள். இடுப்பு வரை கறுப்புச் சேற்றில் நின்றபடியே அவர் சாப்பிடுவார். அந்தச் சேறு அவருடைய நெஞ்சில் தங்கி இருமலாகி, கடைசியில் அவரைக் கொண்டுபோனது என்று அம்மா சொல்வாள். ஆகவே நீரெலி வந்து அந்த வாய்க்காலை அடைத்தபோது கேனியாவுக்கு அது வெறும் தண்ணீர்ப் பிரச்சினையாகத் தெரியவில்லை. எங்கப்பா உசிரைக் கொடுத்து வெட்டினதை இந்த எலி வந்து மூடுதா என்று கொதித்துப் போனாள்.

அவளுடைய புருஷன் ஹிரோனிமுக்கோ கதையே வேறு. கல் வெட்டும் குழியில் வேலை பார்த்து இடுப்பெலும்பு போய், கம்பை ஊன்றி நடக்கிறவன். சாதுவான மனுஷன். முதன்முதலாக நீரெலி வந்த வசந்தத்தில், பல் தடம் பதிந்த ஒரு வில்லோ மரக் குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, மிட்டாய் கிடைத்த பையன் மாதிரி முகம் மலர வீட்டுக்கு வந்தான்.

"கேனியா! வந்துருச்சு! எங்க தாத்தா சொல்லிட்டே இருப்பாரு. திரும்பி வந்துருச்சு!"

"எது வந்துச்சு?"

"நீரெலி!"

"அந்தக் குச்சிய வெளியில போடு. வீட்டுக்குள்ள கொண்டு வராத."

"அட, நம்ம பியெப்ஷா ஆத்துக்கே அதோட பேருதான வச்சிருக்கான். அது வீட்டுக்கு அது வந்திருக்கு."

"அப்ப நாம யாரு, வாடகைக்கு இருக்கோமா?"

அன்று பிரிந்த கட்சிதான். சாயங்காலமானால் ஹிரோனிம் கரைமேட்டில் போய் உட்கார்ந்துகொள்வான். மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு நீந்துகிறதைப் பார்ப்பான், குட்டிகள் அழுகிற சத்தத்தைக் கேட்பான். அவன் திரும்பி வந்ததும், "உன் சொந்தக்காரங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேனியா கேட்பாள். அவனும், "விசாரிச்சாங்க" என்பான்.

ஊரைக் குறை சொல்லி என்ன பயன்? செங்கால் நாரை வந்து கூரையில் உட்கார்ந்தால் எங்கள் ஆட்கள் உருகிப் போவார்கள். பழைய வண்டிச் சக்கரத்தைக் கம்பத்தில் ஏற்றிக் கூடு கட்ட இடம் கொடுப்பார்கள். அது எச்சமிட்டுக் கூரையே பாழாய்ப் போனாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். கேனியா வீட்டிலும் சக்கரம் உண்டு. ஒரு பறவைக்கு மாளிகை, ஒரு விலங்குக்கு எருக்கொக்கி. ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், "நாரை என் புல்லை முக்குதா?" என்பாள்.

புல்தான் அவளுடைய பிழைப்பு. வாய்க்காலுக்கு அப்பால், சதுப்பின் நடுவில், கொஞ்சம் மேடான ஒரு திட்டு இருக்கிறது. கோடையில் அங்கே வண்டி போகாது, டிராக்டர் போனால் சக்கரம் முழுக்க அமிழ்ந்துவிடும். ஆகவே ஆளாகப் போய் அரிவாளால் அறுத்து, உலர்த்தி, நடுக்கம்பைச் சுற்றிப் போராக ஏற்றிவிட்டு வந்துவிட வேண்டும். பிறகு சதுப்பு உறைகிற வரை காத்திருந்து, ஐஸ் மேல் குதிரைச் சறுக்குவண்டியை ஓட்டிப்போய் ஏற்றி வருவது. ஊரில் மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பாட்டை விட்டுவிட்டார்கள். கேனியா விடவில்லை. அந்த வைக்கோல் வந்தால்தான் நாலு பசுவும் மே மாதம் வரை தாங்கும்.

அதற்கு இருந்தது ஒரே ஒரு குதிரை. மால்வா. செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை, வயதாகிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் அவள் சினையாக இருந்தாள். அதுதான் கடைசி ஈற்று என்று வைத்தியர் சொல்லிவிட்டார். குட்டி பிழைத்து வந்தால் இன்னும் இருபது வருஷம் சதுப்புக்குப் போகலாம். மால்வாவும் குட்டியும் இல்லையென்றால் வைக்கோல் இல்லை, வைக்கோல் இல்லையென்றால் பசு இல்லை. பசு இல்லாத வீட்டில் என்ன செய்வது? வார்சாவில் மகள் வீட்டுக்குப் போய், ஏழாவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து பஸ்ஸை எண்ண வேண்டியதுதான். மகள் நல்லவள், கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தாள். கேனியாவுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்காது.

கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின வருஷம் இலையுதிர்காலத்தில், கொக்கியால் ஆகாததைச் சோளக்கொல்லைப் பொம்மையால் செய்யலாம் என்று கேனியாவுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு கம்பைக் குறுக்கே கட்டி, அலமாரியில் கைக்கு அகப்பட்ட கறுப்புக் கோட்டை மாட்டி, தொப்பி வைத்து, அணைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு வந்தாள். அது ஹிரோனிமின் கல்யாணக் கோட்டு. அவனைக் கேட்கவில்லை. மாதாகோயில் வாசலில் அந்தக் கோட்டோடு அவன் நிற்கிற படம் இன்னும் சுவரில் தொங்குகிறது.

காலையில் போய்ப் பார்த்தால் பொம்மை இல்லை. கம்பையெல்லாம் கடித்துச் சாய்த்து, கோட்டோடு சேர்த்து அணைக்குள் வைத்துச் சேறு பூசியிருந்தன. ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வாலேந்திக்குச் சொல்லவா வேண்டும்? "ஹிரோனிம், உனக்கு ரெண்டாங்கல்யாணம்னு சொல்லவே இல்லையே! மாப்பிள்ளைக் கோலத்துல அணைக்குள்ள நிக்கறியே!" என்று ஊர் முழுக்கப் பரப்பினான். ஹிரோனிம் சிரித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் அன்று ராத்திரி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். கேனியா பார்த்தாள். பார்த்துவிட்டுப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். மன்னிப்புக் கேட்பதென்றால் அவளுக்கு மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுகொள்ளும்.

அணையைத் தொடக்கூடாது என்று வனத்துறை ஆபீசிலிருந்து ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். சட்டம் அப்படியாம். "சரிங்க" என்றாள். அவருக்கு மோரும் கொடுத்தாள். அவருடைய ஜீப் திரும்பியதும் கொக்கியை எடுத்தாள்.

மால்வா சினையாக இருந்த வருஷம் டிசம்பரில் பனி நேரத்தோடே வந்துவிட்டது. சதுப்பு நன்றாக உறைந்தது. கோடரிப் பின்பக்கத்தால் தட்டிப் பார்த்தாள், ஒரு சாண் கனம். ஆனால் வாய்க்காலைத் தாண்டுகிற இடத்தில், அணைக்குக் கொஞ்சம் மேலே, ஐஸ் மேல் தண்ணீர் ஏறிச் சொதசொதவென்று நின்றது. அணையால்தான் தண்ணீர் ஏறுகிறது, அதைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மேல்தண்ணீர் வடிந்து நல்ல பாதை கிடைக்கும் என்று கணக்குப் போட்டாள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

சனிக்கிழமை பூட்ஸை மாட்டும்போது ஹிரோனிம் வழியில் நின்றான்.

"கேனியா, இப்ப அணையைத் தொடாத."

"ஏன், அதுங்களுக்குக் குளிரெடுக்குமா?"

"அதுக்கில்ல. ஐஸ் பிடிச்சதுக்கப்புறம் அடியில தண்ணிய எடுத்தா, ஐஸ் அந்தரத்துல நிக்கும். கீழ வெத்து இடமாயிரும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது."

"அடேங்கப்பா. இத்தனை வருஷமா அதுங்களுக்காக எத்தனையோ சாக்கு சொல்லிப் பாத்துட்ட. இது புதுசு. இது நல்லா இருக்கு."

"யம்மா, நான் நீரெலியைச் சொல்லல. உன்னைச் சொல்றேன். குதிரையைச் சொல்றேன்."

"யோவ், வழிய விடு. ரொட்டி கருகுது."

நீரெலிப் பேச்சை எடுத்தாலே அவன் சொல்வது அவள் காதில் ஏறாது. அதுதான் அன்றைக்கு வந்த வினை. அவன் அவளுடைய உயிருக்காகப் பேசுகிறான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அணையில் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு வெட்டிவிட்டு வந்தாள். மேல்தண்ணீர் வடிந்தது. மறுநாள் வந்த குளிரில் பாதை கண்ணாடியாய்ப் பளபளவென்று ஆனது. "பாத்தியா?" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் மால்வாவைச் சறுக்குவண்டியில் பூட்டி, போரைப் பிரிக்கக் கொக்கியையும் போட்டுக்கொண்டு, தனியாகக் கிளம்பினாள். போகும்போது ஒன்றும் ஆகவில்லை. வண்டி காலியாக இருந்தது. ஐஸ் லேசாக முனகியது, அவ்வளவுதான். திட்டில் போரைப் பிரித்தாள். கோடை வாசம் அப்படியே இருந்தது. மனசு குளிர்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே உயர ஏற்றிக் கட்டினாள். திரும்பி வரும்போது வாய்க்கால் ஓரத்தில் மால்வா நின்றுவிட்டாள். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டாள். குளம்பை ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். டொம் என்று காலிப் பானைச் சத்தம் வந்தது. காலை எடுத்துக்கொண்டாள்.

"என்னடி, நீயும் அவன் கட்சியா?" என்று கடிவாளத்தைப் பிடித்து இழுத்தாள் கேனியா.

பாவம், மால்வா சொன்ன பேச்சுக் கேட்கிறவள். வந்தாள். நடுவில் வந்ததும் ஐஸ் பெரிய தகடாக உள்ளே இறங்கியது. குதிரை முன்னங்காலோடு போனாள், கேனியா கடிவாளத்தோடு போனாள். அடியில் தண்ணீர் இடுப்புக்கு மேல், அதற்கும் அடியில் சேறு. எங்கள் சதுப்புச் சேற்றுக்குத் தரை கிடையாது. அப்பா நின்ற அதே கறுப்புச் சேறு. மால்வா உதைக்க உதைக்கக் கீழே போனாள். கண் வெள்ளையாகிவிட்டது. கேனியா கத்தியை எடுத்து வண்டியோடு பூட்டிய தோல்வாரை அறுத்தாள். விரல் மரத்துவிட்டது, கத்தி நழுவிப் போனது. "அம்மா தாயே, என் குதிரையக் காப்பாத்து, என்னை எடுத்துக்கோ!" என்று கத்தினாள். அவள் வேண்டிக்கொண்டு அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் மால்வாவின் முன்னங்கால் எதன்மேலோ ஏறியது. தண்ணீருக்கு அடியில் ஏதோ கெட்டியாக இருந்தது. ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். குதிரை முன்பக்கமாக நிமிர்ந்து, படியில் நிற்பவள் மாதிரி நின்றுவிட்டாள். தலையும் கழுத்தும் மார்பும் வெளியே. மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது. ஆனால் மேற்கொண்டு மூழ்கவில்லை. கேனியாவும் கையை நீட்டித் துழாவினாள். குச்சிகள் வழுக்கின. பிறகு துணி ஒன்று கையில் பட்டது. உறைந்து விறைத்த கம்பளித் துணி, முனையில் இரண்டு பொத்தான். அதைப் பிடித்துக்கொண்டாள். பொத்தான் உள்ளங்கையில் அழுந்தியதும் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கேனியா! விடாத! பிடிச்சுக்க!"

கரைமேட்டில் ஹிரோனிம். வைக்கோல் போரின் நீளக் கம்பு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, கெட்ட இடுப்போடு ஓடி வந்துகொண்டிருந்தான். அவள் கிளம்பின கொஞ்ச நேரத்திலேயே அவனும் கிளம்பிவிட்டான். பார்த்தால் திட்டுவாளே என்று தூரத்திலேயே நின்றிருக்கிறான். அங்கே டிராக்டரில் விறகு ஏற்றிக்கொண்டிருந்த வாலேந்தியைக் கூப்பிட்ட கூச்சலில் ஊரே விழித்திருக்கும்.

கம்பை ஐஸ் மேல் படுக்கப் போட்டு, அதன்மேல் தானும் குப்புறப் படுத்து, முதலில் கேனியாவை இழுத்துப் போட்டான். பிறகு மால்வாவின் மூக்கருகே ஊர்ந்து போய், "நில்லுடி ராஜாத்தி, அசையாம நில்லு, நான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டே இருந்தான். குதிரை அவன் குரலுக்கு அசையாமல் நின்றாள். வாலேந்தி கயிற்றைக் குதிரையின் மார்பைச் சுற்றிப் போட்டு, மறுமுனையை டிராக்டரில் மாட்டிக் கரைமேட்டிலிருந்து மெல்ல இழுத்தான். மால்வா அணையின் மேலேயே மிதித்து, ஏறி, அதன் மேல்பாதியைச் சிதைத்துக்கொண்டு கரைக்கு வந்து விழுந்தாள். எழுந்தும் நின்றாள்.

வாலேந்தி சிதைந்த அணையை எட்டிப் பார்த்தான். அவனுக்கு எந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்காது.

"ஏ அப்பா! இது அணையா, ஹைவே ரோடா? அடியில வண்டி ஓட்டலாம் போலிருக்கே. இந்த வாய்க்காலுக்கு இவ்வளவு அகலம் எதுக்குடா?"

ஹிரோனிம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இவ பிச்சுப் போட்டா. அதுங்க ஒவ்வொரு தடவையும் அடைக்கும்போது ஒரு கை சேறும் குச்சியும் கூடவே போட்டுச்சு. அவ்வளவுதான்."

கேனியாவின் பல் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வார்த்தை அவள் காதில் முழுசாக விழுந்தது. அவள் இத்தனை வருஷம் போட்ட சண்டைதான் தண்ணீருக்கு அடியில் சேர்ந்து சேர்ந்து, அவள் குதிரைக்குக் கால் வைக்க இடமாகியிருந்தது.

மால்வாவை நிற்க விடாமல் வீட்டுக்கு ஓட்டினார்கள். வைக்கோலால் தேய்த்துத் தேய்த்துக் கை கழன்றது. கேனியா தன் கல்யாணச் சீராக வந்த வாத்திறகு மெத்தைப் போர்வையை எடுத்து வந்து குதிரை மேல் போட்டாள். வாலேந்தி வீட்டில் காய்ச்சின சாராயத்தைத் தவிட்டுக் கஞ்சியில் கொஞ்சம் கலந்தான், கேனியா வாயில் கொஞ்சம் ஊற்றினான், மிச்சத்தைத் தானே குடித்தான். "வண்டியிலேர்ந்து வைக்கோல எறக்கியாச்சு, உன் கொக்கிதான் கிடைக்கல, தண்ணிக்குள்ள போயிருச்சு" என்றான். "போகட்டும் விடுடா" என்றாள் கேனியா.

மால்வா பிழைத்துக்கொண்டாள். குட்டி? அது யாருக்கும் தெரியவில்லை. வைத்தியர் வந்து தொட்டுப் பார்த்து, "பொறுத்துத்தான் பாக்கணும்" என்றார். குளிர்ந்த தண்ணீர் காட்டினால் வயிற்றில் இருக்கிற குட்டி துள்ளும், விலாவில் தெரியும். எங்கள் ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கேனியா காலையும் மாலையும் வாளியைக் காட்டிவிட்டு விலாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் அசையாது. ஹிரோனிம் பக்கத்தில் வந்து நிற்பான். "நீ அன்னைக்கே சொன்ன" என்று சொல்லவேண்டும் என்று அவளுக்கு வரும். வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். அவனும் "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பாள், மனசு ஆறியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. அன்றைக்கு எங்கள் வீடுகளில் முதல் நட்சத்திரம் தெரிகிற வரை யாரும் சாப்பிட மாட்டார்கள். மேஜை விரிப்புக்கு அடியில் ஒரு பிடி வைக்கோல் பரப்புவோம். கேனியா அன்றைக்கு ஐஸில் தப்பிய வைக்கோலில் ஒரு பிடி எடுத்துப் பரப்பினாள். பீட்ரூட் சூப், மீன், காளான், கசகசா இனிப்பு எல்லாம் தயார். கோயிலில் கொடுத்த அப்பமும் தட்டில் இருந்தது. காகிதம் மாதிரி மெல்லிய அப்பம். வெள்ளை நிற அப்பம் மனுஷர்களுக்கு. ஒருவருக்கொருவர் உடைத்து ஊட்டிக்கொண்டு, அந்த வருஷத்து மனத்தாங்கலுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரோஸ் நிறம் தொழுவத்துக்கு. பசுவுக்கும் குதிரைக்கும் அதில் பங்கு. வீட்டைச் சேர்ந்த உயிர்களுக்குத்தான். காட்டில் இருக்கிறதற்கெல்லாம் யாரும் கொடுப்பதில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே ரோஸ் அப்பத்தோடு தொழுவத்துக்குப் போனாள். பசுக்கள் நக்கி எடுத்துக்கொண்டன. மால்வாவுக்கு முதலில் வாளியைக் காட்டினாள். குடித்து முடித்ததும் வழக்கம்போல விலாவைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பெருமூச்சு விட்டு, அப்பத்தை உதட்டருகே நீட்டினாள். அப்போது வலது விலாவில் ஒரு மேடு எழும்பியது. எழும்பி, புரண்டு, அமுங்கியது. திரும்பவும் எழும்பியது.

"ஹிரோனிம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பசுக்கள் பயந்துவிட்டன. அவன் கம்பு கூட இல்லாமல் ஓடி வந்தான். இரண்டு பேரும் அந்த விலாவில் கை வைத்து நின்றார்கள். உள்ளேயிருந்து நன்றாக ஓர் உதை விழுந்தது. கேனியா குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது ஹிரோனிம் பார்த்தது அவளுடைய அப்பா சாவில்தான்.

அழுகை ஓய்ந்ததும் கையைப் பார்த்தாள். ரோஸ் அப்பத்தில் ஒரு துண்டு மிச்சமிருந்தது.

"கோட்டை மாட்டிட்டு வா."

"எங்க? நட்சத்திரம் வந்துரும்."

"வந்தா வரட்டும். வா."

கரைமேட்டு வழியே மெதுவாக நடந்தார்கள். பனியில் அவனுக்கு இடுப்பு வலிக்கும் என்று அவள் கையைக் கொடுத்தாள். அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேற்கே கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. குதிரை ஏறிச் சிதைத்த இடம் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. புதுக் குச்சிகள், புதுச் சேறு. நடுவில் ஒரு நீளமான பிடி செருகியிருந்தது. கேனியா குனிந்து பார்த்தாள். அவளுடைய எருக்கொக்கி. நாலு பல்லும் அணைக்குள் இறங்கியிருந்தன.

"திருட்டுப் பசங்களா!" என்றாள். ஹிரோனிம் கம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோட்டுக் கை இன்னும் அங்கேதான் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ரோஸ் அப்பத்தை மெல்ல அந்தக் கைக்குள் செருகினாள். பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து வெள்ளை அப்பத்தை எடுத்தாள். அதையும் அவள் கொண்டு வந்திருந்தாள். ஹிரோனிமுக்கு நேராக நீட்டினாள்.

"இந்தக் கோட்டை உன்னைக் கேக்காம எடுத்தேன். ஐஸைப் பத்தி நீ சொன்னதைக் கேக்கல. நீ அதுங்க பக்கம் பேசறன்னே நினைச்சேன். என் பக்கம் பேசிட்டிருந்திருக்க. என்னை மன்னிச்சிரு."

ஹிரோனிம் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அந்தக் கோட்டு அன்னைக்கே இறுக்கமாத்தான் இருந்துச்சு" என்றான். "மாதாகோயில்ல மூச்சே விட முடியல. இங்க அது நல்லா பொருந்தியிருக்கு."

ஐஸுக்கு அடியில், அணை இன்னும் அடைபடாத இடத்தில், சின்னச் சின்னக் குமிழியாக மேலே வந்தது. ஏதோ ஒன்று அடியில் நின்று இவர்கள் போகட்டும் என்று காத்திருந்தது. கேனியா அந்தக் குமிழிகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நான் உடைச்சதை எல்லாம் நீங்க கட்டி வச்சீங்க. அது மேலதான் என் குதிரை நின்னுச்சு, நானும் நின்னேன். நல்லா இருங்க. கொக்கிய நீங்களே வச்சுக்கங்க, எனக்கு வேணாம்."

பிறகு ஹிரோனிமின் கையைப் பிடித்துக்கொண்டு, "நட சீக்கிரம், சூப்பு ஆறிடும்" என்றாள்.